சிறுவாணியில் பாஸ் ஆன மருந்து

பேரலின் மேல் ‘வாட்டர்’ என்று எழுதியிருந்தது. மூடியைத் திறந்தேன். அழுகின முட்டை நாற்றம் வந்தது. ஆக, தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. கெட்டதைக் கொட்டிவிட்டு, பேரலை மூன்று தடவை கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி வைத்தேன். இதில் எந்த இடத்தில் நான் தவறு செய்தேன் என்று யாராவது விரல் வைத்துக் காட்டினால் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளத் தயார். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் தவறு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நாற்பத்திரண்டு வருஷம் மில்லில் சைசிங் மாஸ்டராக இருந்தவன் நான். பாவு நூல் தறிக்குப் போகும் முன் அதற்குக் கஞ்சி போடுகிற இடம் சைசிங். அங்கே ஒரே சட்டம், நாறினால் கொட்டு. முந்தின நாள் கஞ்சி மிச்சமாகிப் பேரலில் கிடந்து நாற்றம் எடுத்தால் யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. கொட்ட வேண்டியது, கழுவ வேண்டியது, புதிதாக நிரப்ப வேண்டியது. வெளியாள் வருகிற நாளாக இருந்தால் இதையே ஓட்டமாகச் செய்ய வேண்டும்.

மில்லை மூடிய பிறகு வெங்கடபதி என்னைத் தன் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கணபதி தாண்டி ஒரு ஷெட். துணி ஆலைகளுக்கு வேண்டிய பசைகளும் சோப்பு எண்ணெய்களும் தயாரிக்கிற சின்னக் கம்பெனி. எனக்கு வேலை பாலிமர் பவுடரைத் தண்ணீரில் தூவிக் கரைப்பது. லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். அவசரப்பட்டுக் கொட்டினால் பவுடர் வெளியே நனைந்து உள்ளே காய்ந்து மீன்கண் மாதிரி உருண்டை உருண்டையாக நின்றுவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அப்படியே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் தூவினால் ஒரு கண்கூட முழிக்காது.

கம்பெனியில் எனக்குப் பெயர் மாஸ்டர். இன்னொரு பெயரும் உண்டு, அதை முன்னால் சொல்ல மாட்டார்கள். நான் பேசுவதை அவர்கள் கதை என்பார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் நான் கஞ்சி போட்ட நூலில் நெய்த ஒரு சட்டை, துவைத்துக் காயப்போட்ட கொடியிலிருந்து தானே இறங்கி நடந்து, காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, கண்டக்டர் அதற்கு ஒண்டிப்புதூருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்ததைச் சொன்னால் சிரிப்பார்கள். சரி, அது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் பாலிமர் கரைசலில் கலக்குகிற கம்பி ஓடும்போது கரைசல் சுழிக்காமல் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவதையும், பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் ஒரு முறை இழுத்துவிட்டால் குழாய் இல்லாமலே மிச்சமும் தானாக வெளியே வழிந்து காலியாவதையும் நான் கண்ணால் பார்த்தேன். அதற்கும் அதே சிரிப்புத்தான். எது நடந்தது, எது நடக்காதது என்று அவர்கள் தரம் பிரிப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

வெங்கடபதிக்கு ஒரே மகள், சைத்ரா. வயது முப்பத்தாறு, கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம். ஷெட்டின் பின்னால் ஓர் அறையை லேப் ஆக்கிக்கொண்டு நாலு வருஷமாக எண்ணெய்க் கிணற்றுக்கு மருந்து செய்துகொண்டிருந்தாள். துணிக்கு மருந்து செய்கிற கம்பெனியில் எண்ணெய்க் கிணற்றுக்கு என்ன வேலை என்று நானும் கேட்டேன்.

“மாமா, கெணத்துல எண்ணெ தளும்பிட்டு நிக்கும்னு நெனச்சீங்களா?”

“இல்லீங்களா அம்மணி?”

“பாறைக்குள்ள இருக்குதுங்க மாமா. இட்லி எடுத்த பொறவு துணியில மாவு ஒட்டியிருக்குமில்ல, அந்த மாதிரி. மொதல்ல தானா வர்றது வந்துரும். அப்புறம் தண்ணிய உட்டுத் தள்ளுவாங்க. தண்ணி குறுக்கு வழி கண்டுபிடிச்சு அதுபாட்டுக்கு ஓடிப் போயிரும். பாதிக்கு மேல எண்ணெ அங்கேயே ஒட்டிட்டுக் கெடக்கும்.”

“அதுக்கு?”

“தண்ணியில உங்க பசையக் கலந்தா தண்ணி கெட்டியாயிரும். ஓட முடியாது, வரிசையாத் தள்ளிட்டுத்தான் போகணும். கூட என் சோப்பையும் கலந்தா, ஒட்டியிருக்கற எண்ணெ பாறைய உட்டுக் கெளம்பும். ரெண்டும் சேந்தாத்தான் வேலை.”

சிரமமே அந்தச் சேர்தலில்தான் இருந்தது. என் பசையின் இழையிலும் அவள் சோப்பிலும் இருப்பது ஒரே ஜாதி மின்சாரம், ஒன்றுக்கொன்று ஆகாது என்றாள். காலை ஆறு மணி டவுன் பஸ்ஸில் இரண்டு பகையாளிகள் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்து சண்டையில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நல்ல தண்ணீர் அப்படி. எட்டரை மணி பஸ் உப்புத் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் ஏறி நெருக்கும்போது பசை இழை சுருண்டு ஒடுங்கும், சோப்பு திரளும், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகப் பிரிந்து நிற்கும். தனித்தனியாக விட்டால் இரண்டும் அதே உப்பைத் தாங்கும். சேர்த்தால் தாங்காது.

இதைச் சரிசெய்யத்தான் அவளுக்கு நாலு வருஷம். எண்ணெய்க் கம்பெனி அனுப்பிய காகிதத்தைப் பார்த்து அவளே உப்புப் போட்டுத் தண்ணீர் தயாரித்து, கலந்து, கலங்கி, மாற்றி, மறுபடி கலந்து, கடைசியில் தெளிய வைத்துவிட்டாள். பாக்கி ஒன்றுதான். கிணற்றின் நிஜத் தண்ணீரில், எண்ணெய்க் கம்பெனி ஆள் கண்ணெதிரே, இரண்டையும் கலந்து காட்ட வேண்டும். தேறினால் ஒரு கிணற்றில் இறக்கிப் பார்ப்பார்கள்.

வெங்கடபதி மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். “இந்த ஒரு கெணறுதான் கண்ணு. தேறுச்சுன்னா லேபு உன்னுது, நான் வாயத் தொறக்க மாட்டேன். தேறலீன்னா ரூமக் காலி பண்ணிப் பாய்க்குக் குடுத்துர்றேன். நீ ஆபீஸ்ல வந்து ஒக்காந்து ஃபோன் எடு.”

பாய் என்றது கலீல் ரஹ்மானை. உக்கடத்தில் பழைய பேரல் வியாபாரம் செய்கிறவர், எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். பேரல் அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் டேப்பை எடுத்து லேபின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தபோது சைத்ரா உள்ளே வந்துவிட்டாள்.

“நீ ஜெயிக்கணும்னுதான் பாப்பா தொழுகையில கேக்கறேன்,” என்றார் பாய், டேப்பைச் சுருட்டாமலே. “அளந்து வெச்சுக்கறது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.”

பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் பார்சல் லாரியில் அந்த நீலப் பேரல் வந்தது. சைத்ரா பாட்டில்கள் வாங்க வெளியே போயிருந்தாள். மூடியைக் கட்டியிருந்த கம்பியை வெட்டித் திறந்ததும்தான் அந்த நாற்றம். நாலு நாளில் ஒறம்பரை விருந்தாளி வருகிற இடத்தில் இப்படி ஒரு நாற்றம் பிடித்த பேரலை வைத்துக்கொண்டு நிற்பதா? மதில் ஓரப் பப்பாளி மரத்தடியில் கவிழ்த்தேன். ஆழ்துளைப் போர்த் தண்ணீர் ஊற்ற மனம் வரவில்லை. அன்றைக்குச் சிறுவாணி அணைத் தண்ணீர் திறந்துவிட்ட நாள். உலகத்திலேயே உயர்ந்த தண்ணீர் குழாயில் வருகிறபோது விருந்தாளிக்கு மட்டமானதை ஏன் வைக்க வேண்டும்? நிரப்பி, மூடி, ஸ்டிக்கரை ஈரத் துணியால் துடைத்து, லேபுக்குள் உருட்டி வைத்தேன். பார்க்கவே மங்களகரமாக இருந்தது.

வந்த இன்ஜினியர் பெயர் பாலகோபால். பூர்வீகம் சிங்காநல்லூர், உத்தியோகம் வடக்கே எண்ணெய் வயலில். வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “இதுக்காகவே இந்த ஊருக்கு வரலாமுங்க,” என்றார். மதியச் சாப்பாட்டில் நான் அவருக்குச் சட்டை பஸ் ஏறிய கதையைச் சொன்னேன். புரையேறும் வரைக்கும் சிரித்தார். சில்லறை வாங்கியதா என்று கேட்டார். வாங்கவில்லை, பாக்கெட் தைத்திருக்கவில்லை என்றேன்.

பிறகு பரீட்சை. பாலகோபால் பேரலின் ஸ்டிக்கரைப் படித்து, எண்ணைத் தன் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். சைத்ரா உப்பு அளக்கிற மீட்டரைத் தேடினாள். வெங்கடபதி, “சாருக்கு அஞ்சரைக்கு ஃப்ளைட்டு கண்ணு, ஆகட்டும் ஆகட்டும்,” என்று அவசரப்படுத்தினார். நான் பவுடர் தூவினேன். அவள் சோப்பு சேர்த்தாள். பாட்டிலுக்குள் கண்ணாடியா திரவமா என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. கெட்டியும் அவள் கணக்குப் போட்டதைவிட ஒன்றரை மடங்கு. ஒரு சொட்டுக் கச்சா எண்ணெயை விட்டுக் குலுக்கினால் அது பொடிப்பொடியாகப் பிரிந்து கலந்தது.

“பிரமாதமுங்க,” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாலகோபால் விமான நிலையத்துக்குக் கிளம்பினார். வெங்கடபதி மகளின் தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு சைத்ரா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தத் தண்ணி நாறவே இல்ல. கெணத்துத் தண்ணின்னா மூக்கப் புடிக்கணும். லாரியில வர்றப்ப காத்துல போயிருச்சாட்ட இருக்குது.”

நான் பேரலைத் திரும்பிப் பார்த்தேன்.

“நாறணுங்களா அம்மணி?”

“நாத்தம், உப்பு, சுண்ணாம்பு எல்லாம் அதுல இருக்கணும் மாமா. அதுக்காகத்தான அங்கிருந்து வரவழைச்சது.”

“நாறுச்சுங்க. நான்தான் கொட்டிப்போட்டுச் சிறுவாணி ஊத்தி வெச்சேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நாலு வருஷத்தில் அப்படி வாய்விட்டு அவள் சிரித்ததில்லை. “மாமா, இன்னிக்கு ஒரு நாளைக்காச்சும் உங்க கதைக்கு லீவு உடுங்க!”

“கதையில்லீங்க கண்ணு. மூணு தடவ கழுவினேன். பப்பாளி மரத்துக்கு உட்டேன். ஸ்டிக்கரத் தொடச்சேன்.”

“ஸ்டிக்கர் சிரிச்சுதா மாமா?”

சொல்லச் சொல்ல அது கதையாகவே ஆகிக்கொண்டிருந்தது. என் கதைகளில் எப்போதும் மூன்று தடவைதான் எதுவும் நடக்கும், மரம் ஒன்று வரும். நிஜத்திலும் அப்படியே நடந்து தொலைத்திருந்தது.

வெங்கடபதியிடம் போனேன். அவர் ஃபோனில் யாரிடமோ மகளைப் பற்றிப் பெருமையாகத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கக் காத்திருந்து சொன்னேன். “மாஸ்டர், லொள்ளுக்கு ஒரு நேரங்காலம் இருக்குது. இந்தப் புள்ள கண்ணுல தண்ணி வர வேல செஞ்சிருக்குது,” என்றார். பப்பாளி மரத்தைக் காட்டினேன். நாலே நாளில் எல்லா இலையும் பழுத்துத் தொங்கிவிட்டது. “வெயிலு,” என்றார்.

நம்பிய ஒரே ஆள் கலீல் ரஹ்மான்தான். காலிப் பேரலை எடுக்க வந்தவர், வழக்கம் போல மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். பேரலில் முன்பு என்ன இருந்தது என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவார். விளக்கெண்ணெயா, வினிகரா, எந்த வருஷத்து வினிகர் என்பது வரைக்கும் சொல்வார்.

“மாஸ்டர், இதுல கடைசியா இருந்தது குடிதண்ணி. அடியில லேசா கந்தகம். என்ன பண்ணீங்க?”

நான் சொன்னேன். அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பேரலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாய், இத நீங்க மொதலாளிகிட்டச் சொன்னாப் போதும். உங்க மூக்க அவர் நம்புவாரு.”

“நான் எப்படிச் சொல்லுவேன் மாஸ்டர்? பரீட்ச செல்லாதுன்னு நான் போய் நின்னா, ரூமுக்காகச் சொல்றான்னுதான நெனப்பாரு? நாந்தான் டேப்ப வெச்சு அளந்துபோட்டனே!” அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு வருத்தத்தை நான் பார்த்ததில்லை. “எனக்கு ரூமே வேண்டாமுன்னு சொல்லிட்டுச் சொல்லட்டுமா? அதுக்கும் ஏதோ உள்நோக்கமுன்னுதான் ரோசிப்பாரு.”

இருந்தாலும் போய்ச் சொல்லிப் பார்த்தார். அவர் பயந்தபடியே நடந்தது. ஒரு வாரம் அவருக்கு ஆபீஸில் காபி கொடுக்கவில்லை.

சரி, வாயால் சொன்னால்தானே கதை, கண்ணால் காட்டுவோம் என்று அன்னூருக்கு பஸ் ஏறினேன். அங்கே என் தம்பி தோட்டத்துப் போர் ஆயிரம் அடிக்கு மேல். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குளித்துவிட்டு வந்தால் உடம்பில் கோலம் போடலாம். ஒரு கேன் பிடித்து வந்து, கடையில் வாங்கின கல்லுப்பு இரண்டு கை போட்டு, அவளுடைய மருந்தைக் கலந்தேன். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு பால் திரிகிற மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, கீழே கொழகொழவென்று ஒரு படலமும் மேலே வெறும் தண்ணீருமாக நின்றது.

பாட்டிலைக் கொண்டுபோய் சைத்ரா மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“இதென்னங்க மாமா?”

“அன்னூர்த் தண்ணி, உப்பு, உங்க மருந்து.”

“எவ்வளவு உப்பு?”

“ரெண்டு கை.”

“கையின்னா எத்தன கிராம்?”

என் கையை அவள் முன்னால் நீட்டினேன். அவளும் அதைப் பார்த்தாள். கையில் கிராம் எழுதியிருக்கவில்லை. அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், “மாமா, நீங்க சொன்னது நெசமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நெசங்க அம்மணி.”

“சட்ட பஸ் ஏறுனதும் நெசமுன்னுதான சொல்லியிருக்கீங்க?”

ஆமாம் என்றால் இது பொய்யாகும். இல்லை என்றால் இத்தனை வருஷம் முகம் மாறாமல் பொய் சொல்லியிருக்கிறேன் என்றாகும். பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதும் என் கதைகளில் நான் வழக்கமாகச் செய்கிற ஒன்றுதான்.

அவள் எண்ணெய்க் கம்பெனிக்கு இன்னொரு பேரல் தண்ணீர் கேட்டு மெயில் போட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது. பரீட்சை முடிந்து கையெழுத்தாகிவிட்டது, கிணற்றில் இறக்குகிற தேதியும் முடிவாகிவிட்டது, மீண்டும் தண்ணீர் கேட்பதற்குத் தகுந்த காரணம் தெரிவிக்கவும். தகுந்த காரணம் என்று என்னை எழுதலாமா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். அந்த மெயிலை வெங்கடபதி பார்த்துவிட்டார். “பாஸ் ஆன பேப்பர மறுபடி திருத்திக் குடுங்கன்னு எவனாச்சும் கேப்பானா? நீயே சந்தேகப்பட்டா அவங்க ஏன் நம்பணும்?” என்று கத்தினார். பதில் போகவில்லை.

நான் அந்த எண்ணெய் வயலுக்குப் போனது பவுடர் தூவுவதற்காக. மீன்கண் விழாமல் டாங்கி டாங்கியாகக் கரைக்க வேறு ஆள் இல்லை என்று சைத்ராவே கூட்டிப் போனாள். இரண்டு நாள் ரயில். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் முள்ளும் மண்ணும். நடுவில் அங்கங்கே இரும்புக் குதிரைகள் தலையை ஆட்டிக்கொண்டு எண்ணெய் இழுத்தன. நம் ஊர் மாடு செக்கைச் சுற்றும்போதுகூட ஒரு தடவை நின்று யோசிக்கும். இவை அதுவும் செய்யவில்லை.

போய் இறங்கியதும் சைத்ரா அறைக்குப் போகவில்லை. நேராகக் கிணற்றுத் தண்ணீர்க் குழாயில் ஒரு பாட்டில் பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அழுகின முட்டை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பசையும் சோப்பும் கலந்து மூடி, ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் காலை அவள் அறைக் கதவைத் தட்டினேன். பாட்டிலைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கீழே படலம், மேலே தண்ணீர். அன்னூர்ப் பாட்டிலை அப்படியே கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

“எல்லாம் நெசந்தான், இல்லீங்களா மாமா?”

“ஆமாங்க அம்மணி.”

“மூணு தடவ கழுவினதும்?”

“அதுவுந்தானுங்க.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு பாலகோபாலைத் தேடிப் போனாள்.

பாலகோபால் பாட்டிலைப் பார்த்தார். “ரூம் ஜன்னல்ல வெயில்ல வெச்சிருப்பீங்க. இங்க மருந்து குழாயிலயே கலந்து நேரா கெணத்துக்குள்ள போயிருதுங்க, பிரியறதுக்கு நேரமே இருக்காது.”

“பாறைக்குள்ள மாசக்கணக்குல இருக்கணுமே சார்?”

“கோயமுத்தூர்ல நான் கண்ணால பாத்தனுங்களே?” என்றார்.

“அந்தத் தண்ணி கெணத்துத் தண்ணியில்ல சார். மாறிப்போச்சு. எங்க மாஸ்டர் தெரியாம மாத்திட்டாங்க. அது சிறுவாணித் தண்ணி.”

பாலகோபால் என் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கையையும் கூப்பி நடந்ததை அப்படியே சொன்னேன். கம்பியை வெட்டியது, பப்பாளி மரம், குழாய். பாதியிலேயே அவர் முகம் மலர ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலிருந்த வடக்கத்தி அதிகாரியிடம் இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு அதில் ‘பஸ்’ என்ற சொல் மட்டும் புரிந்தது. இருவரும் சிரித்தார்கள். அந்த அதிகாரி என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

சைத்ரா சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துப் பாலகோபால் கொஞ்சம் இறங்கி வந்தார். தாழ்ந்த குரலில், “அம்மணி, ஒருவேள நெசமாவே இருந்தாலும் நான் என்ன பண்ணட்டும்? என் கையெழுத்துக்கு மேல ரெண்டு பேரு கையெழுத்து. நிறுத்தணும்னா மூணு பேரும் திருப்பிப் போடணும். ஒருத்தர் ரிட்டயர்டு. இன்னொருத்தருக்கு நேத்துத்தான் பைபாஸ். பம்ப் வாடகைக்கு வந்து நிக்குது. ஓடட்டும். பாக்கலாம்,” என்றார்.

பத்து மணிக்கு என்னைத் தூவச் சொன்னார்கள். தூவினேன். வேண்டுமென்றே மோசமாகத் தூவினால் வடிகட்டியிலேயே அடைத்து நின்றுவிடும், கிணறாவது பிழைக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. சைத்ராவைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

“வேண்டாம் மாமா. ஒழுங்காத் தூவுங்க. பசையாச்சும் நல்லா இருந்துச்சுன்னு இருக்கட்டும்.”

ஒழுங்காகத் தூவினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் கரைத்ததில்லை. ஒரு கண் இல்லை.

பம்ப் ஓடியது. அழுத்தம் காட்டுகிற முள் அறுபதில் நின்றது. மூன்று மணி நேரம் அறுபதிலேயே நின்றது. பாலகோபால் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சைத்ராவின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது. எனக்கும் ஒரு பைத்தியக்கார ஆசை வந்தது. இத்தனை பேர் நம்பாத ஒன்று ஒருவேளை நடக்காமலே இருந்துவிட்டால்?

ஒன்றரை மணிக்கு முள் எழுபது. இரண்டுக்கு எண்பத்தைந்து. பம்ப் ஆள் வேகத்தைக் குறைத்தான். முள் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் அதன் எதிரே நின்றோம். ஒரு விரலால் தொட்டால் திரும்பிவிடும் போல இருக்கிற சின்ன முள். தொண்ணூற்றைந்து. நூற்றுப் பத்து. சைத்ரா ஒவ்வொன்றையும் நோட்டில் நேரம் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மாதிரி இருந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பம்ப் தானாக நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் காற்று அடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

குழாயைத் திறந்து கழுவினார்கள். திரிந்த பாலாக வெள்ளைக் கட்டி கட்டியாக வந்தது. சைத்ரா ஒரு கையில் கொஞ்சம் வாங்கி, விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தாள். பாறைக்குள் போனதை யாரும் கழுவ முடியாது. அந்தக் கிணற்றில் இனிமேல் தண்ணீர்கூட இறங்காது என்று பாலகோபால் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் முகமும் வெளுத்திருந்தது.

வெங்கடபதி ஃபோன் செய்தார். சைத்ரா பேசவில்லை, என்னிடம் நீட்டினாள். “என்ன ஆச்சு மாஸ்டர்?” “கெணறு அடச்சுப்போச்சுங்க மொதலாளி. அன்னிக்குச் சொன்னனுங்களே, தண்ணி...” “இப்பவுமா மாஸ்டர்?” என்றார். வைத்துவிட்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு படிவம் வந்தது. ஓரிடத்தில் மட்டும் காரணம் கேட்டிருந்தார்கள். மூன்று கட்டங்கள். இயந்திரம், பாறை, மருந்து. ஒன்றில் டிக் செய்ய வேண்டும்.

“நான் செஞ்சேன்னு எழுதித் தர்றனுங்க,” என்றேன். “ஏழு காகிதம் வேணாலும் எழுதறேன்.”

“எந்தக் கட்டத்துலீங்க எழுதுவீங்க?” என்று கேட்டார் பாலகோபால். கேலி இல்லை. உண்மையாகவே படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் தேடிப் பார்த்தார். “இயந்திரமுன்னா பம்ப் கம்பெனி கேஸ் போடுவான். பாறையின்னா மேல யாரும் ஒத்துக்க மாட்டாங்க.” அதற்குமேல் அவர் சொல்லவில்லை. தண்ணீர் மாறியது என்று எழுதினால் ஸ்டிக்கரை ஒத்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர் அவர்தான் என்பது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

சைத்ரா பேனாவை வாங்கினாள். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். கீழே ஒரு வரி விளக்கம் கேட்டிருந்தது. ‘பாலிமரும் சர்ஃபாக்டன்டும் கிணற்று நீரில் சேர்ந்து நிலைக்கவில்லை’ என்று எழுதினாள். சர்ஃபாக்டன்ட் என்றது அவளுடைய சோப்பை. எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நாலு வருஷம் அவள் உயிரைக் கொடுத்து வேலை செய்ததும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். தண்ணீர் மாறாமல் இருந்திருந்தால் கோயமுத்தூரிலேயே அது தெரிந்திருக்கும். இன்னும் ஆறு மாதம் கேட்டு அதையும் சரிசெய்திருப்பாள். அதை எழுத வரி இல்லை.

“சாட்சி ஒருத்தர் வேணும். உங்க கம்பெனி ஆளு,” என்றார் பாலகோபால்.

அங்கே அவளைத் தவிர எங்கள் கம்பெனி ஆள் நான் ஒருவன்தான். சைத்ரா படிவத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்தபடியே கொடுத்தாள். “போடுங்க மாமா. ரயிலுக்கு நேரமாகுது.”

போட்டேன். காலையில் வாசல் கேட்டில் வாங்கி வைத்திருந்த என் பான் கார்டைப் பாலகோபால் எடுத்து, அதிலிருந்த கையெழுத்தையும் படிவத்தில் நான் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சரியா இருக்குதுங்க,” என்றார்.